சாமி பார்த்துக்குவாரா?

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்கள் கிளையின் தீபாவளி ஒன்றுகூடலில் நடந்தது இது. இதுவரை எங்கேயும் எழுதினதில்லை. இந்த வருஷ ஏற்பாட்டுக் கூட்டம் தொடங்கியாச்சு. இப்போவாவது எழுதிடலாம்னு தோணுச்சு.

தாமான் பொது மண்டபத்தில் சிறுவர்களுக்கு மாறுவேடப் போட்டி. 22 பிள்ளைகள். முருகன் மட்டும் ஐந்து பேர், மூன்று கண்ணன், இரண்டு ஆண்டாள், ஒரு பாரதியார், ஒரு ஔவையார். ஒரு பையன் போலீஸ்காரர் வேடத்தில் வந்திருந்தான். தீபாவளிக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு அவன் அப்பா, "சாமி வேஷம்னா அழறான் தம்பி, போலீஸ்னாதான் வர்றேங்கிறான்" என்றார். விட்டுட்டோம். கடைசியாக ஒரு திருவள்ளுவர். வயசு 6. காவி வேட்டி, ஓலைச்சுவடிக்குப் பதிலாக வெட்டின அட்டை, மார்பு வரைக்கும் தொங்குற பஞ்சுத் தாடி. மருந்துக் கடையில் விற்கிற பஞ்சுதான். அவன் அம்மா அதை ஒரு துணியில் தைத்து, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்துக் காதில் மாட்டியிருந்தார்.

அந்தத் தாடி நழுவிக்கிட்டே இருந்தது. படம் எடுக்கிற பொறுப்பு என்னுடையது. எனக்கு எரிச்சல். "பசை போட்டு கன்னத்துல ஒட்டிடலாம்"னு சொன்னது நான்தான். மேசையில் இருந்த பசை டியூபை எடுத்தால் காலி. மேடை அலங்காரத்துக்கே தீர்ந்துபோச்சு. ஒரு தம்பியைக் கடைக்கு அனுப்பினேன். அவன் வரத் தாமதமானது. சரி, அப்படியே எடுத்துடுவோம் என்று பையனை மேடை ஓரத்தில் இருந்த குத்துவிளக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் குனி கண்ணா, வெளிச்சம் மூஞ்சில படட்டும்." இதையும் சொன்னது நான்தான்.

அவன் குனிந்தான். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பான்.

பஞ்சு எரிகிறதைப் பார்த்திருக்கீங்களா? மரம் மாதிரி, காகிதம் மாதிரி ஒரு ஓரத்தில் பிடித்து மெதுவாக ஏறாது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், தாடி முழுக்க மஞ்சளாக இருந்தது. என் கையில் கைப்பேசி. நான் அசையவில்லை. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, நான் அசையவே இல்லை. தேநீர் மேசையிலிருந்து ஒரு அக்கா ஓடி வந்து, எரிகிற தாடியை வெறும் கையால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டு மிதித்தார். எலாஸ்டிக் அறுந்து கையோடு வந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்துப் பின்னால் இருக்கிற குழாயைத் திறந்து, தாடைக்குக் கீழே தண்ணீர் ஓட விட்டார். தன் கையையும் அதிலேயே நீட்டிக்கொண்டார். பையனுக்குத் தாடையில் சிவந்து போனதோடு சரி. கிளினிக்கில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். அக்காவின் உள்ளங்கையில் கொப்புளம் வந்து, ரொம்ப நாள் கட்டுப் போட்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். பயம் விட்டதும் வருமே, அந்தச் சிரிப்பு. ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி காப்பாத்திட்டாருப்பா" என்றார். நானும் ஆமாம் என்றேன். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தாடி எலாஸ்டிக்ல மாட்டியிருந்துச்சு தம்பி. அதான் கழண்டு வந்துச்சு. நீ சொன்ன மாதிரி பசை போட்டு ஒட்டியிருந்தா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பசை டியூபில் இன்னும் ஒரு துளி இருந்திருந்தால், அந்தப் பையனின் முகம் இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். டியூப் காலியானதற்கு நான் காரணமில்லை. கடைக்குப் போன தம்பி தாமதமானதற்கும் நான் காரணமில்லை. நான் செய்தது, செய்யச் சொன்னது, செய்ய நினைத்தது எல்லாம் இரண்டு கதையிலும் ஒன்றுதான். ஒரு கதையில் நான் "நல்லா நிகழ்ச்சி நடத்துற அண்ணன்". இன்னொரு கதையில் ஒரு குழந்தையின் முகத்தை எரித்தவன். அப்போ என் குற்றம் எவ்வளவு? நடந்ததை வைத்து அளப்பதா, நான் செய்ததை வைத்து அளப்பதா?

மேலைநாட்டுத் தத்துவத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு பேர் 1976-ல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒருவரின் அறத்தைக்கூட அதிர்ஷ்டம் தீர்மானிக்குமா என்பது அவர்கள் விவாதம். அவர்கள் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. எதுவும் நடக்காமல் போன நாளில்தான் நாம் நம் தவற்றைப் பார்க்கத் தவறுகிறோம். எரிந்திருந்தால் விசாரணை வைத்திருப்போம். எரியாததால் சோறு போட்டு, பரிசுக் கூடை கொடுத்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

இப்போது "சாமி காப்பாத்திட்டாரு" என்பதற்கு வருகிறேன். நான் நாத்திகம் பேச வரவில்லை. அன்று இரவு நானும் வீட்டுச் சாமி அறையில் விழுந்து கும்பிட்டேன், அழுதேன். நன்றி சொல்வதில் தப்பே கிடையாது. ஆனால் மண்டபத்தில் அந்த வார்த்தையை நாங்கள் பயன்படுத்தினது நன்றிக்கு அல்ல, பேச்சை முடிப்பதற்கு. சாமி காப்பாத்திட்டாரு, சரி, அடுத்த அங்கம் என்ன? விளக்கை யார் அந்த இடத்தில் வைத்தது, ஏன் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நம்மில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எது நடந்தாலும் கர்மா என்று சொல்லிவிடுவது. "அவனுக்கு ஆயுசு கெட்டி, அவன் விதி நல்ல விதி" என்று அன்றைக்கே ஒருவர் சொன்னார். எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முகம் எரிந்திருந்தால், அந்தத் தாயிடம் போய், "உங்க புள்ளையோட விதி அக்கா" என்று சொல்லியிருப்போமா? சொல்லியிருப்போம். அதுதான் பயம். நம் ஊரில் இழவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

சமய வகுப்பில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்வோம். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அனுபவிக்க வந்திருப்பது பிராரத்தம். இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். வாதத்துக்காக, அந்தப் பையனுக்கு நேரவிருந்தது அவனுடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், "குனி கண்ணா" என்று நான் சொன்னது என்னுடைய ஆகாமியம்தானே? அவன் கணக்கில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குக் கண் கிடையாது. என் கணக்கில் நான் என்ன எழுதுகிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கர்மா என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று சொல்கிற கொள்கை. அதை எடுத்து, என் பொறுப்பை அடுத்தவன் தலையில் வைக்கிற கொள்கையாக மாற்றிவிட்டோம். அதுவும் 6 வயசுப் பையன் தலையில்.

பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில் ஓர் இடம் இருக்கிறது. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் என்று கண்ணன் பட்டியல் போடுகிறார். செயல் நடக்கிற இடமாகிய உடம்பு, செய்பவன், கருவிகள், பலவிதமான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வம் பட்டியலில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நான்கையும் விட்டுவிட்டு நேராக ஐந்தாவதுக்குத் தாவுகிறவனுக்கு கீதையில் இடம் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. எலாஸ்டிக் கருவி. அக்கா ஓடி வந்தது முயற்சி. அவருக்கு ஏன் ஓடத் தெரிந்தது தெரியுமா? அவர் வேலை செய்கிற தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு தடவை தீயணைப்புப் பயிற்சி. சலிப்போடு போவாராம். "சும்மா வெயில்ல நிக்க வைப்பாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வெயிலில் நின்றதுதான் அன்றைக்கு அவர் காலை நகர்த்தியது. தெய்வம் எந்த வழியாக வந்தது என்று கேட்டால், நான் அந்தப் பயிற்சித் திடலைக் காட்டுவேன்.

சரி, நாங்கள் என்ன அவ்வளவு பொறுப்பில்லாதவர்களா? இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த நிகழ்ச்சிக்கு ஏழு கூட்டம் போட்டோம். ஒலிபெருக்கி, சாப்பாடு, பரிசு, வரவேற்புரை யார், நன்றியுரை யார். பொன்னாடை யாருக்கு முதலில் போர்த்துவது என்பதற்கு மட்டும் ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் போனது. நெருப்பு என்ற வார்த்தை ஏழு கூட்டத்திலும் ஒரு தடவைகூட வரவில்லை. அலட்சியமான ஆட்கள் அல்ல நாங்கள். சந்தோஷமான ஆட்கள்.

திருவள்ளுவர் இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். (திருவள்ளுவர் வேடத்துக்கே தீப்பிடித்த கதையில் அவரைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா?) திருக்குறளில் 54-ஆவது அதிகாரம் பொச்சாவாமை. பள்ளியில் அநேகமாக யாரும் மனப்பாடம் செய்யாத அதிகாரம். பொச்சாப்பு என்றால் மறதி, கவனம் தப்புவது. அரசனுக்குச் சொன்ன அதிகாரம் என்பார்கள், நமக்கும் பொருந்தும். அதன் முதல் குறளே நம்மைத்தான் குறிவைக்கிறது. மகிழ்ச்சியின் மிகுதியில் வருகிற மறதி, எல்லை மீறிய கோபத்தைவிடக் கெட்டது என்பது அதன் கருத்து. முதலில் படித்தபோது மிகையாகத் தெரிந்தது. கோபத்தைவிடவா? யோசித்துப் பார்த்தால் சரிதான். கோபத்தில் இருக்கிறவன் பக்கத்தில் குழந்தையை விட மாட்டோம், எல்லாரும் உஷாராக இருப்போம். சந்தோஷமாக இருக்கிறவன் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம்.

குற்றங்கடிதல் என்ற இன்னொரு அதிகாரத்தில், வருமுன் காக்காதவனின் வாழ்க்கையை நெருப்புக்கு முன்னால் வைத்த வைக்கோலுக்கு உவமை சொல்கிறார். எங்கள் மேடையில் உவமைக்கே வேலை இருக்கவில்லை. பஞ்சையே நெருப்புக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்தோம்.

சமணரின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, கவனக்குறைவினால் உயிருக்கு ஊறு நேர்வதை இம்சை என்கிறது. வெறுப்பு இருந்தால்தான் இம்சை என்று அது சொல்லவில்லை. நம் அகிம்சை பற்றிய பேச்சுப் போட்டிகளில் இந்தப் பக்கம் வருவதே இல்லை. அடிக்காமல், திட்டாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது கொஞ்சம் நடைமுறை. துணியைப் பற்றிப் பேசாமல் அறத்தைப் பற்றி மட்டும் பேசினால் இந்தக் கட்டுரையும் பொன்னாடைக் கூட்டம் மாதிரி ஆகிவிடும்.

வேடம் போட்ட குழந்தையின் உடம்பு மாறிவிடுகிறது. இதுதான் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம். 6 வயசுப் பிள்ளைக்குத் தன் கை எங்கே முடிகிறது என்று தெரியும். ஆனால் இறக்கை எங்கே முடிகிறது, கொசுவம் எங்கே விரிகிறது, பின்னால் தொங்குற சால்வை எதைத் தொடுகிறது என்று தெரியாது. கிரீடம் கண்ணுக்கு மேல் சரிந்துவிடும். முகமூடி போட்டால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளையைத் தரையில் அகல்விளக்கு வரிசையாக வைத்த வழியில் நடக்க விடுகிறோம், பாவாடை ஓரம் சரியாகச் சுடரின் உயரத்தில் இருக்க.

துணிகளும் ஒரே மாதிரி எரிவதில்லை. மெல்லிசான பருத்தி, நெட், மஸ்லின், கிரேப் காகிதம், பஞ்சு, சணல் முடி எல்லாம் சட்டென்று பிடிக்கும். காற்று உள்ளே போக இடம் இருப்பதால் நெட் பாவாடையில் தீ வேகமாக ஏறும். பாலியஸ்டர், நைலான் வேறு விதம். உருகித் தோலில் ஒட்டும். இரண்டும் கலந்த துணியில் பருத்தி எரிந்துகொண்டே இருக்க, பாலியஸ்டர் அதன் மேலேயே உருகிக்கொண்டிருக்கும். அது இன்னும் மோசம். அசல் பட்டும் கம்பளியும்தான் மெதுவாக எரிபவை. ஆனால் போட்டிக்கு வருகிற பட்டு எத்தனை அசல் பட்டு? பசார் மாலாமிலும் இணையக் கடையிலும் 30 வெள்ளிக்குக் கிடைக்கிற கண்ணன் உடை பளபளக்கும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் சிறுவர் வேட உடைகளைச் சட்டம் விளையாட்டுப் பொருள் கணக்கில் வைத்திருந்தது. பிள்ளைகளின் இரவு உடைக்கு இருந்த கடுமையான தீப் பரிசோதனை அதற்கு இல்லை. 2014 ஹாலோவீனில் பூசணிக்காய்க்குள் வைத்த மெழுகுவர்த்தி ஒரு சிறுமியின் உடையில் பட்ட பிறகுதான் அங்கே அது பெரிய பேச்சாகி, பெரிய கடைகள் பரிசோதனையைக் கூட்டின. உடையைத் தைத்தவர், விற்றவர், வாங்கியவர் எல்லாரும் அதுவரை அதை விளையாட்டாகவே பார்த்திருந்தார்கள். பிள்ளைக்கு அது உடை. தோலோடு ஒட்டியிருக்கிற உடை.

கம்பி மத்தாப்பு பற்றி ஒரு வார்த்தை. பட்டாசு விஷயத்தில் நமக்குச் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், சிங்கப்பூரில் 1972-இல் வந்த கடுமையான தடை. அதனாலேயே மத்தாப்பு நமக்கு அப்பாவியாகத் தெரிகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மத்தாப்புக் கம்பியின் நுனி 1000 டிகிரி செல்சியசை எட்டும். பொறி அணைந்த பிறகும் கம்பி சூடாகத்தான் இருக்கும். அதைத்தான் பிள்ளைகள் தரையில் போடுவார்கள், இன்னொரு பிள்ளை மிதிக்கும். ஆண்டாள் கையில் மத்தாப்பைக் கொடுத்துச் சுற்றச் சொல்லிக் காணொளி எடுக்கிற அப்பாக்களை எல்லாத் தாமானிலும் பார்க்கிறேன்.

தீ மேல்நோக்கி ஏறும். இது எல்லாருக்கும் தெரியும். அதன் பொருள் மட்டும் அந்த நேரத்தில் மறந்துபோகும். நின்றால், ஓடினால், சுடர் முகத்துக்கு வரும். அதனால்தான் நில், தரையில் படு, உருளு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். வேடம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை விளையாட்டாக உருளச் சொல்லிப் பாருங்கள், குதூகலமாகச் செய்வார்கள். சுட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீர், 20 நிமிஷம். பற்பசை வேண்டாம், கிச்சாப் வேண்டாம், எண்ணெயும் மஞ்சளும் வேண்டாம். தோலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

அடுத்த வருஷக் கூட்டத்தில் நான் எழுந்து, இனிமேல் எண்ணெய் விளக்கே வேண்டாம், எல்இடி விளக்கு வைத்துவிடலாம் என்றேன். பயந்துபோனவன் பேச்சு. "சாமி காப்பாத்திட்டாரு" என்று சொன்ன அதே பெரியவர்தான் எதிர்த்தார். அவர் சொன்னதை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். "அக்னி சாட்சியாத்தான் கல்யாணம் பண்றோம். கொள்ளி வச்சுத்தான் அனுப்புறோம். நெருப்பே தெரியாம பிள்ளைய வளத்தா, அதுக்கு நெருப்பு மேல மரியாதையும் இருக்காது, பயமும் இருக்காது. பேட்டரி விளக்க தொட்டுத் தொட்டுப் பழகின பிள்ளை, நெச விளக்கையும் தொடும்."

அவர் சொன்னது சரி. நான் அசந்துபோனேன். பிள்ளைகளுக்கு நெருப்பு தெரிய வேண்டும், திரி போடத் தெரிய வேண்டும், எண்ணெய் ஊற்றத் தெரிய வேண்டும், கற்பூரத்தை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று கைக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதைச் சாதாரண உடையில், முடியைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது கற்றுக்கொள்ளட்டும். இறக்கை கட்டிக்கொண்டு, 200 பேர் கைதட்டும்போது அல்ல. கடைசியில் முடிவானது இதுதான்: விளக்கு இருக்கும். மேடையில் உயரமான பீடத்தில் இருக்கும், அதற்குப் பொறுப்பாக ஒருவர், அவருக்கு வேறு வேலை கிடையாது. வேடம் போட்ட பிள்ளை அந்தப் பக்கம் போகாது. விளக்கேற்றுகிற அங்கம் வேடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

இதில் பக்திக்குக் குறை வந்துவிட்டதாகச் சிலர் முகம் சுளித்தார்கள். கோயிலில் குருக்கள் தீபாராதனை காட்டுகிறதைக் கவனியுங்கள். சாமிக்குப் பட்டு சாத்தியிருக்கும், மாலை தொங்கும். அவர் கை எவ்வளவு அளவாக நிற்கிறது! கல் விக்கிரகத்தின் பட்டுக்கு அவ்வளவு ஜாக்கிரதை. அந்தச் சாமியின் வேடம் போட்டு, மூச்சு விடுகிற பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை இருக்கிறது. முருகனையோ மீனாட்சியையோ குழந்தையாக்கிப் பாடுவது. பத்துப் பருவங்களில் முதல் பருவம் காப்பு. தாலாட்டுவதற்கு முன்னால், முத்தம் கேட்பதற்கு முன்னால், நிலாவைக் கூப்பிடுவதற்கு முன்னால், இந்தக் குழந்தையைக் காக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களிடமும் வேண்டிக்கொள்கிறார் புலவர். பாடப்படுவதே தெய்வம்! உலகத்தைக் காக்கிறவள் அவள். ஆனாலும் குழந்தையாக வந்துவிட்டால் முதல் கவலை காப்பு. "சாமி பார்த்துக்குவாரு" என்பதற்கு நம் மரபே கொடுத்திருக்கிற பதில் இது என்று நினைக்கிறேன். சாமியே குழந்தையாக வந்தாலும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. அந்தப் போட்டி யாருக்காக நடந்தது? பிள்ளைகளுக்காக என்றுதான் அழைப்பிதழில் போட்டோம். ஆனால் அந்தத் திருவள்ளுவர் பையனுக்கு விளக்குப் பக்கத்தில் நிற்க ஆசை இல்லை. அவனுக்கு நாற்காலிக்கு அடியில் ஒளிந்து விளையாட ஆசை. சுடர் வெளிச்சம் அவன் முகத்தில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். ஏனென்றால் படம் நன்றாக வரும், எங்கள் பக்கத்தில் போட்டால் விருப்பக் குறிகள் விழும். சந்தோஷம் எனக்கு, ஆபத்து அவனுக்கு. அவனிடம் நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் "சரிண்ணே" என்றுதான் சொல்லியிருப்பான். மறுக்கத் தெரியாதவர்களிடம் சம்மதம் வாங்குவது சம்மதமே அல்ல. பெரியவர்கள் தங்கள் உடம்பில் அலகு குத்திக்கொள்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், அது அவர்கள் வேண்டுதல், அவர்கள் விரதம். பிள்ளையின் உடம்பில் நம் ஆசையை ஏற்றுவது வேறு.

கூட்டமாகச் சேர்கிறபோது இது இன்னும் பெரிதாகிறது. 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊரில் ஒரு பள்ளி ஆண்டு விழா. செயற்கைத் துணிப் பந்தலில் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். வெளியேறச் சரியான வழி இல்லை. 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் வெடியின் பொறி யாகசாலைக் கூரையில் விழுந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், நெரிசலும் சேர்ந்துகொண்டது. பக்தியில் குறை இருந்ததாலா? யாகசாலையைவிடப் பக்தியான இடம் எது? எங்கள் மண்டபத்தில் இரண்டு வாசல். அன்றைக்கு ஒரு வாசலை அடைத்து நாற்காலிகளை அடுக்கியிருந்தோம். அதை நான் கவனித்தது, இந்தக் கட்டுரைக்காகப் பழைய படங்களைப் புரட்டியபோதுதான்.

அக்காவிடம் போன மாதம் கேட்டேன், அன்றைக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று. "கோபமா? பயந்தான் தம்பி. நீ நல்ல பையன். நல்ல பசங்கதான் பயம்" என்றார். உள்ளங்கையில் இப்போது தழும்பு லேசாகத்தான் தெரிகிறது. இந்த வருஷமும் தேநீர் மேசை அவர்தான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரக் கோணியும் அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்.

அந்தப் பையனுக்கு இப்போது 9 வயசு. இந்த வருஷம் அனுமார் வேடமாம். வாலைக் காட்டுவதற்காகவே அவன் அம்மா ஒத்திகைக்கு அழைத்து வந்திருந்தார். பழைய கம்பளி நூலை முறுக்கிச் செய்த வால், உள்ளே கம்பி. இடுப்பில் வெறும் வெல்க்ரோ, இழுத்தால் கழன்று வந்துவிடும். நானே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"அண்ணே, அனுமார் வால்ல நெருப்பு வைப்பாங்கல்ல, நமக்கு?"

சிவப்புக் காகிதம் ஒட்டலாம் என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. சீதை நெருப்பைச் சுடாதே என்று வேண்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப எனக்கு யாரு வேண்டுவா?"

தேநீர் மேசைப் பக்கம் கையைக் காட்டினேன். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.